காணாத கயிற்றில் ஓடும் வண்டி

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பொம்மலாட்டத்தில் பொம்மையை ஆட்டுவிப்பது நூல். நூலை அறுத்துவிட்டால் அரசனும் விழுவான், ஆண்டியும் விழுவான். நூலே இல்லாமல், நூறு அடி தள்ளி நிற்கும் ஒரு பொருளை நம் விரலசைவுக்கு ஏற்ப ஓடவும் நிற்கவும் திரும்பவும் செய்ய முடியுமானால், அதை விஞ்ஞானம் நமக்களித்த புதுப் பொம்மலாட்டம் எனலாம். அத்தகைய ஒன்றுதான் வானொலி அலையால் இயக்கப்படும் சிறு மோட்டார் வண்டி. அதிலும் மேடு, பள்ளம், மணல், புல் என்று பாராமல் ஓடுவதற்கென்றே அமைந்த வகைக்குப் ‘பக்கி’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் நம் ஊர் வசைச்சொல்லை நினைத்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம். மேலைநாட்டில் கடற்கரை மணலில் ஓட்டும் திறந்த காருக்கு வழங்கும் பெயர் அது. அந்தக் காரின் குட்டி வடிவமே நாம் இங்குக் காணப்போவது.

இவ்வண்டிகள் இரு விதமாக விற்கப்படுகின்றன. ஒன்று, உதிரி உதிரியாகப் பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டியது. மற்றொன்று, பூட்டப்பட்டு, வானொலிக் கருவியும் பொருத்தப்பட்டு, பேட்டரியைப் போட்டவுடன் ஓடக்கூடிய ‘ரெடி-டு-ரன்’ வகை. புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இரண்டாவதையே வாங்குகின்றனர். ஆனால் ‘உடனே ஓடும்’ என்பதற்கும் ‘ஒழுங்காக ஓடும்’ என்பதற்கும் இடையில் ஒரு மாலைப்பொழுது வேலை இருக்கிறது. அந்த வேலையையும், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இயற்பியலையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த கதை

கம்பியில்லாமல் தொலைவிலுள்ள பொருளை இயக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் நம் நாட்டவர். ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டு கல்கத்தாவில், மின்காந்த அலையைச் சுவர் தாண்டிச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1898ஆம் ஆண்டு நிகோலா டெஸ்லா, நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் ஒரு தொட்டி நீரில் சிறு படகை மிதக்கவிட்டு, தொடாமலேயே அதைத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்கள் மந்திரம் என்று நினைத்ததில் வியப்பில்லை.

இந்த வித்தை கார்ப் பொம்மைக்கு வந்து சேர்ந்து பரவியதில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1976ஆம் ஆண்டு அந்நிறுவனம் போர்ஷே 934 காரின் உருவில் தன் முதல் வானொலிக் காரை வெளியிட்டது. அது தார்த் தரையில் ஓடும் கார். மண்ணில் ஓடும் பக்கிகளான ‘சேண்ட் ஸ்கார்ச்சர்’, ‘ரஃப் ரைடர்’ ஆகியவை 1979இல் வந்தன. 1984இல் வந்த ‘கிராஸ்ஹாப்பர்’, அதாவது வெட்டுக்கிளி, விலை குறைவாகவும் கட்டமைப்பு எளிதாகவும் இருந்ததால் உலகெங்கும் பள்ளி மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் அலுமினிய அடித்தட்டு கொண்ட ‘ஆர்.சி.10’ என்னும் பந்தய வண்டியை வெளியிட்டது. இன்று நாம் வாங்கும் வண்டியின் நீண்ட கைகளும், எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகளும், பின்னால் உயர்ந்து நிற்கும் இறக்கையும் அந்தக் காலத்து வண்டிகளின் வழிவந்தவையே.

வண்டிக்குள் இருப்பது என்ன?

கையில் பிடிக்கும் கருவிக்கு டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் இழுக்கும் விசையும், பக்கத்தில் ஒரு சிறு சக்கரமும் இருக்கும். விசை வேகத்துக்கு; சக்கரம் திருப்பத்துக்கு. இதிலிருந்து கிளம்பும் அலையை வண்டியிலுள்ள ரிசீவர் வாங்குகிறது.

பழைய வண்டிகள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கின. அந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு அளவு ஆன்டெனா சிறந்தது என்று நாம் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இரண்டேமுக்கால் மீட்டர் கம்பி வேண்டும். அவ்வளவு நீளம் எந்த வண்டிக்கும் வைக்க முடியாதாகையால், குட்டையான கம்பியோடு சமாளித்தார்கள். மேலும் ஒரே அலைவரிசையில் இரண்டு வண்டிகள் ஒரே இடத்தில் ஓடினால், ஒருவர் கட்டளைக்கு மற்றவர் வண்டி ஓடும். இன்றைய வண்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், கால் பங்கு மூன்று சென்டிமீட்டர் சொச்சம். விரல் நீளக் கம்பியே போதும். ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணை மட்டும் அறிந்து வைத்திருப்பதால் பத்து வண்டிகள் ஒன்றாக ஓடினாலும் குழப்பமில்லை. நம் நாட்டில் இந்த அலைவரிசை, வரையறுக்கப்பட்ட திறனுக்குள், 2005ஆம் ஆண்டு முதல் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டுள்ளது.

ரிசீவர் பெற்ற கட்டளை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சர்வோ என்னும் சிறு மோட்டார்ப் பெட்டிக்குச் சென்று முன்சக்கரங்களைத் திருப்புகிறது. சர்வோவுக்குப் போகும் செய்தி மிக எளியது. நொடிக்கு சுமார் 50 துடிப்புகள்; ஒவ்வொரு துடிப்பும் 1.5 மில்லிநொடி நீடித்தால் நேராக நில். 1 மில்லிநொடி ஆனால் ஒரு பக்கம் திரும்பு. 2 மில்லிநொடி ஆனால் மறுபக்கம் திரும்பு. சர்வோ தனியாகப் பொருத்தப்பட்ட வண்டியாயின், நம் ஆய்வகத்து சி.ஆர்.ஓ. திரையில் இந்தத் துடிப்பு அகலுவதையும் குறுகுவதையும் கண்ணாரக் காணலாம். பாடப்புத்தகத்தில் ‘துடிப்பகலப் பண்பேற்றம்’ என்று மனப்பாடம் செய்யும் சங்கதி விரலசைவில் விளங்கிவிடும்.

மற்றொரு கட்டளை வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செல்கிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இக்கருவி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் மிகுந்தால் வேகம் மிகும். மின்தடையைச் செருகி வேகத்தைக் குறைத்த பழைய முறையில் பாதி மின்சாரம் வெப்பமாகவே போய்விடும். இம்முறையில் அந்த நஷ்டம் மிகக் குறைவு.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

இங்குப் பணத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கோச்சடையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பொம்மை வண்டி என்பது எங்கள் தெருவில் யாரும் தனியாகச் செய்யக்கூடிய செலவன்று. எனவே ஆறு பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் என்று பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சேர்த்தோம். வண்டி 9,400, கூடுதல் பேட்டரி 1,100, தீத்தாங்கும் பை 350, ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர் 400, உதிரி பாகங்களுக்கு 750. ஆக 12,000. இந்தக் கணக்கை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வண்டியின் விலையை மட்டும் பார்த்துக் கையிலிருப்பதை முழுவதும் அதில் போட்டுவிட்டு, முதல் வாரமே முன்கை உடைந்ததும் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள் பலர். பணத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது வண்டியல்லாத பிற பொருள்களுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

கடையில் கிடைப்பனவற்றுள் முதலில் பிரித்தறிய வேண்டியது, பொம்மை வகையா, பொழுதுபோக்காளர் வகையா என்பதை. பொம்மை வகையில் விசையை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்றல், இடம், வலம், இடைப்பட்ட நிலை கிடையாது. ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் வண்டியே குப்பைக்குப் போக வேண்டியதுதான். பொழுதுபோக்காளர் வகையில் விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே வண்டியும் அசையும். ஒவ்வொரு திருகுக்கும் எண் உண்டு. ஒவ்வொரு பாகமும் தனியே கிடைக்கும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு வேகம் போகும்?” என்பதன்று, “முன்கை தனியாகக் கிடைக்குமா?” என்பதே.

அடுத்து அளவு. 1:10 என்றால் உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு. 1:14 அதைவிடச் சிறிது, விலையும் குறைவு. நம் நாட்டில் மாணவர்களிடையே பரவலாகக் காணப்படும் ‘டபிள்யூ.எல்.டாய்ஸ் 144001’ இவ்வளவினது. நான்கு சக்கர இயக்கம், உலோக அடித்தட்டு, 550 வகை மோட்டார், 7.4 வோல்ட் 1500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஆகியவை அதன் அமைப்பு. இதில் ரிசீவரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரே அட்டையில் சேர்ந்திருக்கும். ஒன்று பழுதானால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மோட்டாரிலும் இரு வகை உண்டு. கரித்தூரிகை உரசி ஓடும் பழைய வகை. தூரிகையற்ற புது வகை. பின்னது வேகமும் ஆயுளும் மிக்கது, விலையும் மிக்கது. கற்றுக்கொள்வோருக்குத் தூரிகை மோட்டாரே போதும். தேய்ந்தால் மாற்றுவதும் எளிது, மலிவு.

வெளிநாட்டிலிருந்து நேரே தருவித்தால் மலிவு என்று சிலர் எண்ணுவர். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. பிற வரிகளும் சேர்ந்தால் மலிவு மறைந்துவிடும். மேலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கம்பியில்லாக் கருவிகளை இறக்குமதி செய்யத் தனி அனுமதியும் தேவை. எனவே ரசீது கொடுக்கும் உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதே அறிவுடைமை. சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் இணைப்பு முனைகளும், ஒயர்களும், பேட்டரி அளவுமானியும் கிடைக்கின்றன. சிறு இரும்பு ஊசிகளையும் புஷ்களையும் நம் மதுரை லேத் பட்டறைகளிலேயே கடைந்து வாங்கிவிடலாம்.

ஓட்டுமுன் ஒரு மாலை

வண்டி வந்ததும் ஓட்டத் துடிக்கும் கையை அடக்க வேண்டும். தொழிற்சாலையில் பூட்டியது என்பதால் எல்லாத் திருகும் இறுகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலாவது, திருகுகள். அடித்தட்டின் கீழிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் ஆலன் கீயால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் திருகினால் மரை தின்றுவிடும். உலோகத்தில் ஏறும் திருகுக்கு மரைப்பசை ஒரு சொட்டு விட வேண்டும். அதிர்வில் கழன்று விழுபவை இவைதாம்.

இரண்டாவது, பல்சக்கரப் பொருத்தம். மோட்டார் அச்சிலுள்ள சிறு சக்கரமும் அது தள்ளும் பெரிய சக்கரமும் மிக நெருங்கியிருந்தால் மோட்டார் சூடேறும். விலகியிருந்தால் பல் உடையும். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து இரண்டுக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்தித் திருகை இறுக்கிவிட்டுத் தாளை உருவிவிட வேண்டும். தாளின் கனமே தேவையான இடைவெளி.

இந்தப் பல்சக்கர விகிதம்தான் வண்டியின் குணத்தை நிர்ணயிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று, பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்பதில் ஒன்றாகக் குறைக்கின்றன. சக்கரம் நிமிடத்துக்கு 2,000 சுற்று. சக்கரத்தின் விட்டம் 8.5 சென்டிமீட்டர் எனில் சுற்றளவு 26.7 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 534 மீட்டர். மணிக்கு 32 கிலோமீட்டர். மோட்டார்ப் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் உச்ச வேகம் கூடும், இழுவிசை குறையும், மோட்டார் சூடேறும். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு பல் குறைவாக ஓட்டுவதே மோட்டாருக்கு நல்லது.

மூன்றாவது, அதிர்வு தாங்கிகள். வில்சுருளுக்குள் ஒரு குழாய். குழாய்க்குள் சிலிக்கோன் எண்ணெய். எண்ணெயில் துளையிட்ட ஒரு தட்டு. வில் மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பை வெப்பமாக்கித் தின்றுவிடுவது எண்ணெய். நாம் படிக்கும் தணிக்கப்பட்ட அலைவு இதுவேயாகும். சோதனை எளிது. வண்டியை ஒரு சாண் உயரத்தில் மட்டமாகப் பிடித்து விட்டுவிட வேண்டும். விழுந்து, அமுங்கி, ஒருமுறை மேலெழுந்து அமைதியானால் சரி. பந்துபோல் இரண்டு மூன்று முறை துள்ளினால் எண்ணெய் நீர்த்தது அல்லது கசிந்தது என்று பொருள். செத்த பாம்பாக மெல்ல எழுந்தால் எண்ணெய் கெட்டி. நான்கு குழாய்களிலும் எண்ணெய் சமமாக இருக்கிறதா, காற்றுக்குமிழ் இல்லையா என்று பார்க்க வேண்டும். குமிழ் இருந்தால் ‘கொழக்கு கொழக்கு’ என்ற ஒலி காட்டிக் கொடுத்துவிடும்.

நான்காவது, உயரமும் நேர்மையும். பேட்டரியோடு வண்டியைத் தரையில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கி விட்டால், சக்கரத்துக்குப் போகும் கைகள் ஏறக்குறையத் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். பிறகு சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால் டிரான்ஸ்மிட்டரிலுள்ள ‘டிரிம்’ திருகியால் சரிசெய்யலாம். முன்சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் ஒன்றிரண்டு பாகை சாய்ந்திருத்தல் நலம். திருப்பத்தில் டயர் முழு அகலத்துக்கும் தரையைக் கவ்வும்.

ஐந்தாவது, வரிசை முறை. முதலில் டிரான்ஸ்மிட்டரை இயக்கு, பிறகு வண்டியை. நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு டிரான்ஸ்மிட்டர். கட்டளையில்லாத நேரத்தில் வண்டி விழித்திருக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

எங்கள் வண்டியின் பின் டிஃபரென்ஷியலைத் திறந்து கிரீஸ் வைத்தவர் அப்பா. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும், உட்சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும் என்று நான் படத்தை வைத்து விளக்கத் தொடங்கினேன். அவர் ஒரு சக்கரத்தை முன்னே சுழற்றி, மற்றது பின்னே சுழலுவதைப் பார்த்துவிட்டு, “லாரியில உள்ளதுதான்” என்றார். பிறகு பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றிப் பார்த்து, “வண்டிய ஓட்டக் கத்துக்கிறதுக்கு முன்னாடி தொடைக்கக் கத்துக்கங்கடா. மண்ணு திங்காத பேரிங்கே கெடையாது” என்றார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமாகப் பராமரிப்பைப் பற்றிச் சொல்லியிருக்க முடியாது.

பேட்டரி என்னும் பூதம்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறேன். இவ்வண்டிகளில் வரும் லித்தியம்-பாலிமர் பேட்டரி எடை குறைந்தது, ஆற்றல் நிறைந்தது. 7.4 வோல்ட், 1.5 ஆம்பியர்-மணி என்றால் 11.1 வாட்-மணி, ஏறத்தாழ 40,000 ஜூல். ஒரு கிலோ எடையை நான்கு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் இது. தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். இவ்வளவும் தீப்பெட்டி இரண்டு மூன்றை அடுக்கினாற்போன்ற ஒரு பொட்டலத்துக்குள் அடைந்து கிடக்கிறது. கால் மணி நேரத்தில் பிரித்துப் பிரித்து வெளிவந்தால் விளையாட்டு. ஒரே நேரத்தில் வெளிவந்தால் தீ.

ஒவ்வோர் அறையும் 3.7 வோல்ட் கணக்கு. முழுதும் நிறைந்தால் 4.2, அதற்குமேல் ஏற்றலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடலாகாது. வண்டியின் வேகம் சட்டென்று குறைந்தால் பேட்டரி ‘போதும்’ என்கிறது என்று பொருள். மேலும் ஒரு சுற்று என்று ஆசைப்படக் கூடாது. 1500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.5 ஆம்பியர் வரையில் மின்னேற்றலாம். அதற்குரிய, அறைகளைச் சமன்செய்யும் சார்ஜரில் மட்டுமே ஏற்ற வேண்டும். ஓடி முடிந்த சூட்டோடு ஏற்றலாகாது. கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே ஏற்ற வேண்டும். சிமென்ட் தரையில், மண்சட்டிக்குள் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே மின்னேற்ற வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. ஓலையோ பாயோ துணியோ அருகில் இருக்கலாகாது. நம்மில் பலர் வீடு ஓர் அறை, இரண்டு அறை வீடுகள் என்பதை நினைவிற்கொண்டு இதைச் சொல்கிறேன்.

சில நாள் ஓட்டாமல் வைப்பதானால் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை, அடிபட்டு நசுங்கிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதைக் குப்பைத்தொட்டியில் எறிவதும் தவறு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

எங்கே ஓட்டுவது?

கோச்சடையைச் சுற்றி ஓட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடத்துக்கொரு குணம் உண்டு. வைகையின் உலர்ந்த மணல் பார்க்க அழகு. ஆனால் ஆழ்ந்த மணலில் சக்கரம் புதைந்து மோட்டார் திணறும்; பொடிமணல் பேரிங்குக்குள் புகும். புல் நிறைந்த இடத்தில் கோரையும் அறுகும் அச்சில் சுற்றிக்கொள்ளும். அறுவடை முடிந்து காய்ந்த வயல், வறண்ட கண்மாயின் கெட்டித்தரை ஆகியவையே சிறந்தவை. வரப்பே தாவுமேடை. வயல் எனில் உரியவரைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

சீமைக் கருவேல முள் நம் சைக்கிளுக்கு எமன். ஆனால் இவ்வண்டிக்கு அன்று. இதன் டயரில் காற்று கிடையாது. உள்ளே இருப்பது பஞ்சு. முள் குத்தும், பஞ்சர் ஆகாது. ஆனால் மண்ணைக் கவ்வும் மொட்டு டயர்களைத் தார்ச்சாலையில் ஓட்டினால் சில நாளிலேயே மொட்டையாகிவிடும்.

வேகத்தை விளையாட்டாக நினைக்கலாகாது. ஒரு கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 62 ஜூல். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் ஏறத்தாழ அதுவே. அப்படி ஒரு பந்து கணுக்காலில் பட்டால் என்னாகும் என்பதை மைதானத்து நண்பர்கள் அறிவார்கள். அந்த வேகத்தில் புழுதித் தரையில் நிற்பதற்குப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். நம் மூளை முடிவு செய்து விரல் அசைவதற்குள் மேலும் இரண்டு மூன்று மீட்டர் போய்விடும். எனவே சிறுவர்கள், ஆடுமாடுகள், சாலை ஆகியவற்றிலிருந்து குறைந்தது முப்பது மீட்டராவது தள்ளியே ஓட்ட வேண்டும். கோடையில் ஆட்காட்டிக் குருவிகள் வெறுந்தரையில் முட்டையிடும். தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால், அது தன் குஞ்சுக்காகக் கேட்கும் வழி என்று அறிந்து வேறிடம் போய்விட வேண்டும்.

தாவும்போது ஒரு வேடிக்கை நிகழும். வண்டி காற்றில் இருக்கையில் விசையை அழுத்தினால் மூக்கு மேலே தூக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு கீழே தாழும். காற்றில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாதபோது வண்டி எப்படித் திரும்புகிறது? சக்கரங்கள் முன்னோக்கி வேகமாகச் சுழலச் சுழல, வண்டியின் உடல் பின்னோக்கிச் சுழன்று ஈடுகட்டுகிறது. கோண உந்த அழியாமை விதி! சுழல்நாற்காலியில் அமர்ந்து சைக்கிள் சக்கரத்தைக் கையில் பிடிக்கும் சோதனையை நம் வகுப்பில் படமாகப் பார்த்திருக்கிறோம். அதே விதி இங்கே வரப்பின்மேல் அரை நொடி நேரம் நிகழ்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு பேட்டரி முடிந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்து எடுக்க நேர்ந்தால் அடுத்த பேட்டரியைப் போடுமுன் இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். வீடு திரும்பியதும் பழைய பல்துலக்கியால் மண்ணைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். குழாயடியில் பிடித்துக் கழுவுவது மண்ணை உள்ளே தள்ளுவதாகும்.

இது தேவையா?

இக்கேள்வியை வீட்டிலும் கேட்டார்கள், வகுப்பிலும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம், தேர்வுக் கட்டணம் கட்டலாம். அவற்றுக்குத் தட்டுப்பாடு இருக்கையில் இதை வாங்கு என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பி.எஸ்ஸி. மாணவர்கள். தணிக்கப்பட்ட அலைவையும், திருப்புவிசையையும், துடிப்பகலத்தையும் எழுதித் தேர்ச்சி பெறுகிறோம். அவற்றைக் கையால் திருகி, மாற்றி, மாற்றத்தின் விளைவைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? பட்டறையில் வேலை செய்பவருக்குச் சமன்பாடு தெரியாது. சமன்பாடு தெரிந்த நமக்குத் திருகு எந்தப் பக்கம் கழலும் என்று தெரியாது. இரண்டும் ஒரே கையில் சேரும்போதுதான் படிப்பு படிப்பாகிறது. அதற்குத் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆறு பேருக்கு ஒன்று போதும். ஒரு துறைக்கு ஒன்று இருந்தாலும் போதும். பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் தினத்தன்று நம் இயற்பியல் மன்றம் இத்தகைய வண்டி ஒன்றைத் திறந்து வைத்து, பாகம் பாகமாக மாணவர்க்குக் காட்டலாம் என்பது என் பணிவான யோசனை. விரிவுரையாளப் பெருமக்கள் இதைக் கருத வேண்டுகிறேன்.

எங்கள் ஆறு பேர் வண்டி ஞாயிறுதோறும் மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு, கோச்சடையில் ஓடுகிறது. துறை வேறுபாடின்றி நண்பர்கள் யாவரும் வரலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஓட்டலாம். பணம் எதுவும் தர வேண்டியதில்லை. ஓட்டியவர் துடைத்துவிட்டுத் தர வேண்டும், அவ்வளவே.